கட்டடக்கலை மென்பொருளில் சுவர், சட்டகக் கருவிகள்

கட்டடக்கலை வடிவமைப்பு மென்பொருளில் சுவரை வரைவது ஒரு கருவி. அந்தச் சுவருக்குள் நிற்கும் மரக் கட்டைகளைத் தானே கணக்கிட்டு அடுக்கித் தருவது வேறொரு கருவி. இதைச் சட்டகக் கருவி எனலாம். முதலாவது நன்கு வளர்ந்துவிட்டது. இரண்டாவது பல மென்பொருள்களில் இன்னும் திருந்த வேண்டிய நிலையில் உள்ளது. இக்கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது.

சுவர்க் கருவியின் வளர்ச்சி

1982இல் வெளியான ஆட்டோகேடில் சுவர் என்பது இரண்டு இணைகோடுகள்தான். அவை சுவரைக் குறிக்கின்றன என்பது வரைபவருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. அங்கேரி நாட்டு கிராஃபிசாஃப்ட் நிறுவனத்தின் ஆர்ச்சிகேடும், 2000இல் வெளிவந்து 2002இல் ஆட்டோடெஸ்க் வசமான ரெவிட்டும் சுவரை உயரம், தடிமன், அடுக்குகள் கொண்ட ஒரு பொருளாகவே வைத்துக்கொண்டன. கதவை நகர்த்தினால் சுவரில் உள்ள திறப்பும் கூடவே நகரும். எல்லா வரைபடங்களிலும் அந்த மாற்றம் தெரியும்.

இரண்டு சுவர்கள் சந்திக்கும் இடத்தில் எந்த அடுக்கு எதை ஊடுருவிச் செல்லும் என்பதற்கும் விதி உண்டு. ரெவிட்டில் அடுக்குகளுக்கு 1 முதல் 5 வரை முன்னுரிமை எண் உள்ளது. பாரம் தாங்கும் அடுக்குக்கு எண் 1, வெளிப்பூச்சு போன்றவற்றுக்கு 4, 5. எனவே பாரம் தாங்கும் அடுக்கு பூச்சை வெட்டிக்கொண்டு போய் அடுத்த சுவரின் அதே அடுக்கோடு சேரும்.

சட்டகம் எங்கே சிக்குகிறது?

செங்கல் சுவரையே பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான தனி வீடுகளின் சுவர் மரச்சட்டகமே. கீழே ஒரு படுக்கைக் கட்டை, மேலே ஒன்றோ இரண்டோ படுக்கைக் கட்டைகள், நடுவே வரிசையாக நிற்கும் கட்டைகள். நிற்கும் கட்டையை ‘ஸ்டட்’ என்பார்கள். ‘டூ பை ஃபோர்’ என்று பெயர் சொன்னாலும் அதன் உண்மை அளவு 1.5 அங்குலத்துக்கு 3.5 அங்குலம்தான். ஒரு ஸ்டட்டின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை வழக்கமாக 16 அங்குலம். இந்தச் சட்டகத்தின் மீது 4 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்ட பலகைகளை ஆணியடித்துப் பொருத்துவார்கள். 4 அடி என்றால் 48 அங்குலம், 16இன் மும்மடங்கு. இடைவெளியை 16 என்று வைத்ததன் பயன் இதில்தான் இருக்கிறது.

இப்போது ஒரு சிறு கணக்கு. (பள்ளிக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.) முதல் ஸ்டட் சுவரின் முனையில் நிற்கிறது, அதன் மையம் 0.75 அங்குலத்தில். மென்பொருள் அந்த மையத்திலிருந்து 16, 16 ஆக எண்ணினால் அடுத்த மையங்கள் 16.75, 32.75, 48.75 என வரும். நான்காவது ஸ்டட் 48இல் தொடங்கி 49.5இல் முடியும். முதல் பலகையோ சரியாக 48இல் முடிகிறது. அதன் விளிம்புக்குப் பின்னால் ஆணி இறங்கக் கட்டையே இல்லை!

அனுபவமுள்ள தச்சர் சுவரின் முனையிலிருந்து அளந்து மையங்களை 16, 32, 48 என வைப்பார். அதற்காக முதல் இடைவெளியில் முக்கால் அங்குலத்தைக் குறைத்து, 15.25இல் கோடு போட்டு, ஸ்டட்டின் விளிம்பை அந்தக் கோட்டில் நிறுத்துவார். அப்போது 48இல் அடுத்தடுத்த இரண்டு பலகைகளும் ஒரே கட்டையில் ஆளுக்கு முக்கால் அங்குலம் பங்கிட்டுக்கொள்ளும். திரையில் இரண்டு சட்டகங்களும் ஒன்றுபோலவே அழகாகத் தெரியும். வேறுபாடு வேலை நடக்கும் இடத்தில்தான் வெளிப்படும். எனவே எண்ணிக்கை எந்த முனையிலிருந்து, எந்த விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைப் பயனர் தேர்ந்தெடுக்க ஒரு கருவி இடம் தர வேண்டும். இடைவெளியை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துவது போதாது.

திறப்புகள்

சன்னல் வந்தால் இன்னும் சில கட்டைகள் சேரும். மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை ‘ஹெடர்’. அதை இருபுறமும் தாங்கி நிற்பவை ‘ஜாக்’ ஸ்டட்கள். அவற்றை ஒட்டி முழு உயரத்துக்கு நிற்பவை ‘கிங்’ ஸ்டட்கள். ஹெடருக்கு மேலும் சன்னலுக்குக் கீழும் வரும் குட்டைக் கட்டைகள், சுவரின் 16 அங்குல வரிசையையே தொடர வேண்டும். ஏனெனில் பலகையின் விளிம்பு அங்கேயும் விழலாம். சன்னலின் அகலத்தைச் சமமாகப் பிரித்துக் குட்டைக் கட்டைகளை வைக்கும் கருவி பார்வைக்குச் சீராக இருக்கும், ஆணியடிக்க உதவாது.

கை வேலை அழிவது

என் பார்வையில் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான். குழாய் செல்வதற்காக ஒரு ஸ்டட்டை வரைபவர் 2 அங்குலம் தள்ளி வைக்கிறார். கனமான அலமாரிக்காக இன்னொன்றை இரட்டையாக்குகிறார். பிறகு வீட்டுக்காரர் சன்னலைச் சற்று நகர்த்தச் சொல்கிறார். சில மென்பொருள்கள் அந்தச் சுவரின் சட்டகம் முழுவதையும் புதிதாக அடுக்குகின்றன. கையால் செய்த திருத்தங்கள் எச்சரிக்கையின்றி மறைகின்றன. இதற்கு அஞ்சித் தானியங்கு வசதியை அணைத்துவிட்டால், சன்னல் நகரும், கட்டைகள் பழைய இடத்திலேயே நிற்கும். வெட்ட வேண்டிய கட்டைகளின் பட்டியல் இரண்டு வழியிலும் தவறாகவே வரும்.

வரைபவர் தொட்ட கட்டைகளுக்குத் தனி அடையாளம் இட்டு, அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் அடுக்குவது ஒரு வழி. அதைவிட நல்லது, ‘குழாய்க்கு இருபுறமும் இவ்வளவு இடம் விடு’ என்ற காரணத்தையே விதியாகச் சேமிப்பது. அப்போது சுவர் நீண்டாலும் குறுகினாலும் அந்த விதி செயல்படும். புதிய அடுக்கல் ஒரு விதியோடு மோதினால், தானே முடிவெடுக்காமல் அந்த இடத்தைச் சிவப்பில் காட்டிக் கேட்பதே முறை.

மூலைகளிலும் இதே போன்ற கேள்வி எழுகிறது. இரண்டு சுவர்களில் எது முனைவரை செல்லும், எது அதன் மேல் முட்டி நிற்கும்? முட்டி நிற்கும் சுவரின் படுக்கைக் கட்டை 3.5 அங்குலம் குறையும். சுவர்க் கருவி வரைந்த மையக்கோட்டு நீளத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் வெட்டும் அளவு பிழையாகும்.

மாணவர்கள் இவற்றைச் சோதித்துப் பார்க்க விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருளான ஃப்ரீகேடின் 2024இல் வெளியான 1.0 பதிப்பில் கட்டடங்களுக்கான தனிப் பணித்தளம் உள்ளது. பைத்தான் நிரல் எழுதியும் அதை இயக்கலாம். 12 அடிச் சுவர் ஒன்றுக்கு ஸ்டட் நிற்கும் இடங்களைக் கணக்கிடச் சில வரி நிரல் போதும். திறப்பு இல்லாத அச்சுவரில், முனைக் கட்டைகளையும் சேர்த்து, 10 ஸ்டட்கள் வர வேண்டும்.