கைக்குள் ஒரு தாலுகா ஆபீஸ் – 11: கவுன்டருக்கு எந்தப் பக்கம்?

போன வாரம் ஆந்திராவின் ‘மன மித்ரா’வைப் பார்த்தோம். 2025 ஜனவரி 30 அன்று 161 சேவைகளோடு வாட்ஸ்அப்பில் தொடங்கிய திட்டம். ஒரு பட்டியலைத் தொட்டால் அடுத்த பட்டியல் வரும் என்பதுதான் அதன் ஆரம்பகால நடைமுறை. அதில் இயந்திரம் சொந்தமாக வாய் திறக்க வேண்டிய அவசியம் அதிகமில்லை.

இந்த வாரம் பார்க்கப்போவது வாய் திறக்கும் ரகம். நம் பேச்சு வழக்கிலேயே கேட்கலாம். பதிலை அது தானே எழுதும். சாட்ஜிபிடி வந்த பிறகு உலகத்தில் பல அரசாங்கங்களைப் பிடித்துக்கொண்ட ஆசை இது.

நம் நாட்டில் இதை ஆரம்பத்திலேயே செய்துபார்த்த இடங்களில் ஒன்று ஹரியானாவின் பிவான் கிராமம். 2023இல் அங்கே ‘ஜுகல்பந்தி’ என்ற வாட்ஸ்அப் உதவியாளரைக் கொண்டுவந்தார்கள். மொழிபெயர்ப்பு வேலை சென்னை ஐஐடியில் இயங்கும் ‘ஏஐ4பாரத்’ குழுவினுடையது. பதில் எழுதும் மொழி மாதிரி மைக்ரோசாப்ட் வழியாக வந்தது. கேள்வி இந்தியில் குரலாக வரும். அது எழுத்தாகி, ஆங்கிலமாகி, அரசுத் திட்டங்களின் தகவல் தொகுப்பில் தேடப்பட்டு, பதில் மறுபடி இந்தியாகி, குரலாகத் திரும்பிப் போகும். தொடக்கத்தில் 10 மொழிகள், 171 திட்டங்கள். மத்திய, மாநிலத் திட்டங்கள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 20,000 இருக்கும்போது 171 மட்டும்தானா என்று தோன்றலாம். எனக்கு அதில் பிடித்ததே அந்த 171தான். ஒரு மனிதர் உட்கார்ந்து முழுதாகப் படித்துச் சரிபார்க்கக்கூடிய அளவு அது.

நியூயார்க் நகராட்சிக்கு அந்தப் பொறுமை இல்லை. 2023 அக்டோபரில் சிறு வணிகர்களுக்காக ‘மைசிட்டி’ என்ற அரட்டை இயந்திரத்தைத் திறந்தார்கள். கடை வைக்க என்ன உரிமம் வேண்டும், என்ன விதி இருக்கிறது, கேளுங்கள் சொல்கிறேன் என்றது. 2024 மார்ச்சில் ‘தி மார்க்கப்’ பத்திரிகை அதைச் சோதித்துப் பார்த்தது. அரசின் வாடகை உதவி பெறுபவர்களுக்கு வீட்டுக்காரர் வீடு கொடுத்தே ஆக வேண்டுமா? வேண்டாம் என்றது இயந்திரம். அந்தக் காரணத்துக்காக வீடு மறுப்பது அந்த நகரத்தில் 2008 முதல் சட்டவிரோதம். ஊழியர்களுக்கு வரும் டிப்ஸில் முதலாளி பங்கு எடுக்கலாமா? எடுக்கலாமாம். கடையில் ரொக்கம் வாங்க மறுக்கலாமா? அதற்கும் தடையில்லையாம். 2020லிருந்தே கடைகள் ரொக்கம் வாங்கியாக வேண்டும் என்ற சட்டம் அங்கே இருக்கிறது.

சட்டத்தை மீறச் சொல்லி நகராட்சியின் வலைத்தளமே சொல்லிக்கொடுத்தது. செய்தி வந்த பிறகும் அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸ் அதை மூடவில்லை. இது சோதனைக் கட்டம்தான், நிஜ உலகத்தில் ஓடவிட்டால்தான் தொழில்நுட்பம் தேறும் என்றார். சோதனை யார் தலையில் நடக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு வழக்கறிஞர் இந்தப் பதில்களைப் பார்த்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். மூலையில் சின்னக் கடை போட்டிருப்பவர், நகராட்சியே சொல்கிறதே என்று டிப்ஸைப் பிடித்துக்கொள்வார்; பிறகு அபராதம் கட்டுவார். பதில் தப்பு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு இந்தச் சேவை அவ்வளவாகத் தேவையில்லை. தேவைப்படுகிறவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. பொதுச் சேவையில் இந்த இயந்திரத்தை வைக்கும்போது முதலில் யோசிக்க வேண்டிய சிக்கல் இது. இதை ஓரமாக வைத்துவிட்டுத்தான் திறப்பு விழாக்கள் நடக்கின்றன.

பிரிட்டன் அரசின் வலைத்தளத்துக்காக இதேபோல ஒன்றைச் செய்தவர்கள் கொஞ்சம் நிதானமானவர்கள். 2024 ஜனவரியில் தங்கள் சோதனை முடிவை வெளியிட்டார்கள். பயன்படுத்தியவர்களில் கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் பதில்கள் பயனுள்ளவை என்றார்களாம். ஆனாலும் அரசுத் தளத்துக்கு வேண்டிய துல்லியம் இன்னும் வரவில்லை என்று செய்தவர்களே எழுதினார்கள். இன்னொன்றையும் குறிப்பிட்டார்கள்: அரசின் பெயர் மேலே இருப்பதால், பதில் தவறாக இருக்கக்கூடும் என்பதைச் சிலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. முத்திரை இருந்தால் நம்புவோம். நாமும் அப்படித்தானே?

‘பதில்களில் பிழை இருக்கலாம், சரிபார்த்துக்கொள்ளவும்’ என்று அடியில் பொடி எழுத்தில் போட்டுவிட்டால் போதும் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். கனடாவில் ஒரு தீர்ப்பாயம் அப்படி நினைக்கவில்லை. ஏர் கனடாவின் அரட்டை இயந்திரம் துக்கப் பயணக் கட்டணம் பற்றிப் பயணி ஒருவருக்குத் தவறான தகவல் தந்தது. அந்த இயந்திரம் தனி ஆள், அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு என்கிற மாதிரி வாதாடியது நிறுவனம். 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்காமல், பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது. தனியார் கம்பெனிக்கே இதுதான் நியாயம் என்றால், அரசுக்கு?

சரி, ஏன் தப்பாகிறது? இயந்திரம் கற்பனை செய்கிறது என்பது பாதிக் காரணம். மீதி நம் காகிதங்களில் இருக்கிறது. இந்தச் சேவைகளில் பெரும்பாலும் ஆவணங்களைச் சிறு துண்டுகளாக வெட்டி வைப்பார்கள். கேள்வி வந்ததும், பொருளில் அதற்கு நெருக்கமான சில துண்டுகளை எடுத்து மொழி மாதிரியிடம் கொடுத்துப் பதில் எழுதச் சொல்வார்கள். நம் அரசாணை ஒன்றை இப்படி வெட்டிப் பாருங்கள். மேலே ‘படிக்கப்பட்டவை’ என்று பழைய ஆணைகளின் வரிசை இருக்கும். உள்ளே, ‘மேலே இரண்டாவதாகப் படிக்கப்பட்ட ஆணையின் நான்காம் பத்திக்குப் பதிலாக’ என்று திருத்தம் வரும். துண்டாக்கியதும் திருத்தம் ஒரு பக்கம், திருத்தப்பட்டது ஒரு பக்கம். வருமான வரம்பு பற்றிக் கேட்டால், பழைய வரம்பைத் தெளிவாகச் சொல்லும் பழைய ஆணைதான் கேள்விக்கு ‘நெருக்கமாக’ நிற்கும். இயந்திரம் அதைப் பிழையின்றி வாசித்துச் சொல்லும். ஆனால் அந்த வரம்பு இன்று செல்லாது.

தமிழில் இன்னொரு கோணல். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். அதற்கு முன்னும், அதன் பிறகு பல காலமும் அலுவலகங்களில் ஓடியது வானவில் மாதிரியான எழுத்துருக்கள். திரையில் பார்த்தால் அழகான தமிழ். கோப்பிலிருந்து எழுத்தை உருவினால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த கூளம். ஸ்கேன் எடுத்து ஏற்றிய ஆணைகளோ, கோணல் பக்கமும் மேலே விழுந்த முத்திரையுமாக இருக்கும். இதையெல்லாம் மாற்றி, ஒவ்வொரு திட்டத்துக்கும் இன்றைய தேதியில் செல்லும் விதி இதுதான் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி வைக்கும் வேலைக்கு ரிப்பன் வெட்ட யாரும் வரமாட்டார்கள். அதைச் செய்யாமல் எந்த மாதிரியை வாங்கிப் போட்டாலும் பலனில்லை.

அதுவரை இயந்திரத்தைக் கவுன்டருக்கு உள்ளே உட்கார வைக்கலாம் என்பது என் கட்சி. பிரிட்டனில் பொதுமக்களுக்கு இலவச ஆலோசனை தரும் ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ அமைப்பில் ‘கேடி’ என்று ஒன்று சோதிக்கப்பட்டது. அது மக்களிடம் பேசாது. ஆலோசகருக்குப் பதில் தயாரித்துத் தரும். அந்தப் பதிலையும் அனுபவமுள்ள மேற்பார்வையாளர் பார்த்துச் சரி என்ற பிறகே ஆலோசகர் பயன்படுத்துவார். நம் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பியையோ தங்கையையோ நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் என்னென்ன இணைக்க வேண்டும் என்று நாள் பூராவும் மனப்பாடத்தில் ஓட்டுகிறவர்கள். அவர்கள் திரையில் பதிலும், பக்கத்திலேயே ஆணை எண்ணும் தேதியும் வந்தால், தப்பு என்றால் அவர்களுக்கு உறுத்தும். தினமும் அதே வேலை பார்க்கிறவர்கள் அல்லவா?

மக்களிடம் நேரே பேசித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. பிஎம் கிசான் திட்டத்துக்காக 2023 செப்டம்பரில் வந்த ‘கிசான் இ-மித்ரா’வைப் பாருங்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. இதில் விவசாயி கேட்கக்கூடிய முக்கியக் கேள்வி, ‘போன தடவ காசு ஏறலயே, ஏன்?’ தமிழ் உட்பட 11 மொழிகளில், நாளொன்றுக்கு 20,000க்கும் மேற்பட்ட கேள்விகளைச் சமாளிப்பதாக அரசு சொல்கிறது. இந்தக் கேள்விக்குப் பதிலைக் கற்பனை செய்ய வேண்டிய தேவையே இல்லை. பதில் பயனாளியின் பதிவேட்டில் இருக்கிறது. ‘காசு ஏறல’ என்றால் தவணை நிலவரம் கேட்கிறார் என்று புரிந்துகொள்வதற்குத்தான் புத்திசாலி இயந்திரம் வேண்டும். பதில் பதிவேட்டிலிருந்து அப்படியே வர வேண்டும்: கேஒய்சி முடியவில்லை, ஆதார் இணைப்பு இல்லை, நிலப் பதிவு சரிபார்க்கப்படவில்லை.

‘ஆதார் இணைப்பு இல்லை’ என்று பதில் வந்தாகிவிட்டது. அந்த விவசாயி இப்போது வங்கிக்குப் போவதா, இ-சேவைக்கா, வேளாண் விரிவாக்க மையத்துக்கா? அந்த அலைச்சல் அடுத்த வாரம்.