வெற்றிடமும் ஓர் எழுத்தே



உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், கல்லூரிச் சேர்க்கை என்று இன்று பலவற்றிற்கும் இணையத்தின் வழியாகவே விண்ணப்பிக்கிறோம். பெயரைத் தட்டச்சு செய்கிறோம். எழுத்துப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் ‘பெயர் பொருந்தவில்லை’ என்ற விடை சில வேளைகளில் வருவதுண்டு. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் கண்ணுக்கே தெரியாத ஒரு காரணம் இடைவெளி. அதைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

சரமும் வெற்றுக் குழாயும்

எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்பதைக் கணிப்பொறித் தமிழில் ‘சரம்’ என்பர். தாயில்பட்டியில் சரம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சரவெடி செய்யவும் விற்கவும் வெடிக்கவும் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. ஆனால் வெடிகளைத் திரியில் பின்னிச் சரமாக்கிய கைகள் நம் வீடுகளில் உண்டு. அச்சரத்தில் மருந்தில்லாத வெற்றுக் குழாய் ஒன்று சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அது வெடிக்காது, எனினும் எண்ணும்போது அதுவும் ஒன்றுதான். எழுத்துச் சரத்தில் இடைவெளியின் நிலையும் இதுவே.

ஈய எழுத்துகளைக் கையால் கோர்த்து அச்சடித்த நாளிலும் இப்படித்தான். இரு சொற்களுக்கு நடுவே தாளில் வெள்ளையாகத் தெரியும் இடத்தில், எழுத்தைவிட உயரம் குறைந்த ஈயத் துண்டு ஒன்று செருகப்பட்டிருக்கும். அதில் மை படாது. படிப்பவருக்கு அது வெறுமை. அச்சுக் கோர்ப்பவருக்கோ கையால் எடுத்து வைக்கும் ஒரு பொருள்.

கணிப்பொறிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறையில் ‘க’வின் எண் 2965. சாதாரண இடைவெளியின் எண் 32. டேப் குறிக்கு 9. அடுத்த வரிக்குச் செல்லும் குறிக்கு 10. ‘செல்வி’ என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியோ கொம்பு, புள்ளி, மேல்விலங்கு ஆகியவற்றையும் தனித்தனியே எண்ணுவதால் கணிப்பொறிக்கு அது ஆறு. அதன் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டால் ஏழு. ஆறும் ஏழும் சமமாகுமா? ஆகவேதான், திரையில் ஒரே பெயராகத் தோன்றும் இரண்டையும் கணிப்பொறி வேறு வேறு என்கிறது.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? கைப்பேசி காட்டும் சொல்லைத் தொட்டால், அது சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளியையும் தானே சேர்த்துவிடுவதுண்டு. அட்டவணையிலிருந்து பெயரை நகல் எடுத்து ஒட்டும்போது டேப் குறியோ வரிக் குறியோ உடன் வரலாம்.

ஓரம் நறுக்குதல்

லேபிள் அச்சடித்தபின் அதன் ஓரத்தை இயந்திரத்தில் நறுக்குவதை நாம் அறிவோம். சரத்தின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தை நறுக்க, கணிப்பொறி மொழிகளில் ஆயத்தமான கட்டளைகள் உள்ளன. பி.எச்.பி. மொழியில் அதன் பெயர் ‘டிரிம்’, பைத்தானில் ‘ஸ்டிரிப்’. ஜாவாஸ்கிரிப்டில் 2009ஆம் ஆண்டின் தரநிலையில்தான் ‘டிரிம்’ சேர்க்கப்பட்டது.

இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. ‘பெயர் கட்டாயம்’ என்ற கட்டத்தில் ஒருவர் இடைவெளியை மட்டும் தட்டிவிட்டால், கட்டம் நிரம்பியதாகவே கணிப்பொறி கருதும். நறுக்கிப் பார்த்தால்தான் அது வெறுங்கட்டம் என்று தெரியும். விண்ணப்பம் நிரப்பும் பக்கத்தில் நறுக்கினால் மட்டும் போதாது. அதைப் பெற்றுக்கொள்ளும் சர்வரிலும் நறுக்க வேண்டும். ஏனெனில் பக்கத்தில் வைத்த காவலைத் தாண்டியும் தகவல் வந்து சேரலாம்.

எல்லா வெற்றிடமும் ஒரே இனம் அல்ல. இணையப் பக்கங்களில் வரும் ‘பிரியா இடைவெளி’யின் எண் 160. ஜாவாஸ்கிரிப்டின் டிரிம் அதை நறுக்கும், பி.எச்.பி.யின் வழக்கமான டிரிம் நறுக்காது. 8203, 8204 என்ற எண்களுக்குரிய குறிகளோ அகலமே இல்லாதவை. இவ்விரண்டையும் அந்த இரு கட்டளைகளும் விட்டுவிடும். ஆனால் 8204ஐக் கண்ட இடமெல்லாம் அழித்துவிடலாகாது. ‘க்’, ‘ஷ’ இரண்டும் ‘க்ஷ’ என்று கூடிவிடாமல் பிரித்துக் காட்ட அக்குறி தமிழுக்கு உதவுகிறது.

நடுவில் கை வைக்கலாமா?

‘இடைவெளிதான் தொல்லை என்றால், எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். இலக்கண வகுப்பை நினைத்துப் பாருங்கள். ‘பலகை’ என்பது ஒரு சொல். நடுவே இடைவெளி விட்டால் ‘பல கை’. தாமரை மலரும், ‘தா’, ‘மரை’ என்று பிரித்தால் தாவும் மான் ஆகிவிடுகிறது. ஓரத்து இடைவெளிக்குப் பொருள் இல்லை. நடுவில் உள்ளதற்குப் பொருள் உண்டு.

நம் முன்னோர் ஓலைச்சுவடியில் சொற்களுக்கிடையே இடம் விடாமல் எழுதினர். புள்ளியும் பெரும்பாலும் இடுவதில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர், எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று ஆராய்ந்து ஆராய்ந்து பிரிக்க வேண்டியிருந்தது. ஒருமுறை இழந்த இடைவெளியை மீட்க எவ்வளவு புலமையும் உழைப்பும் தேவை என்பதற்கு அதுவே சான்று.

பெயர்களிலும் இக்கவனம் வேண்டும். ‘அருள் மேரி’ என்று ஒரு சான்றிதழிலும் ‘அருள்மேரி’ என்று மற்றொன்றிலும் இருந்தால், இருவரோ ஒருவரோ என்ற ஐயம் எழும். தலைப்பெழுத்துக்குப் பின் சிலர் புள்ளி மட்டும் வைப்பர். சிலர் புள்ளியோடு இடமும் விடுவர். இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. ஓரங்களை நறுக்கி, நடுவில் இரண்டு மூன்றாக உள்ள இடைவெளியை ஒன்றாக்கி, உரியவர் எழுதியபடியே பெயரைச் சேமிக்க வேண்டும். ஒப்பிட்டுத் தேடுவதற்கு மட்டும் தனியே ஒரு நகல் எடுத்து, அதில் இடைவெளியையும் புள்ளியையும் நீக்கிக்கொள்ளலாம். நகல் பொருந்தினால், ‘இவர்தானா?’ என்று மற்ற விவரங்களைப் பார்த்து உறுதி செய்யலாம். கடவுச்சொல்லை மட்டும் தொடவே கூடாது. அங்கே இடைவெளியும் வேண்டுமென்றே இட்ட எழுத்தாக இருக்கலாம்.

தோழியரே! விண்ணப்பத்தை அனுப்புமுன், பெயரின் கடைசி எழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்து ஒட்டியிருப்பதை அழித்துவிடுங்கள். அதற்கு ஒரு நொடி போதும். ‘பொருந்தவில்லை’ என்ற ஒரு சொல்லுக்காகப் பட்டாசு ஆலையின் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இ-சேவை மையத்தில் காத்திருக்கும் தாய்க்கு அந்த ஒரு நொடி பெரிய உதவி. நம்முள் சிலர் நாளை இத்தகைய நிரல்களை எழுதும் பணிக்கும் செல்வோம். ஒரு வெற்றிடத்தின் பொருட்டு ஒரு பெண்ணின் உதவித்தொகை நின்றுபோகாதபடி எழுதுவது அப்போது நம் கடமையாகும்.