பட்டியலைச் சுருக்குங்கள், பிறகு சார்ட் போடுங்கள்

எங்கள் குடியிருப்பில் 12 வீடுகள். தண்ணீர் லாரி கணக்கு என் பொறுப்பு. ஒவ்வொரு லாரி வந்து போனதும் தேதி, லிட்டர், தொகை என எக்ஸெல் ஒர்க் ஷீட்டில் ஒரு வரி டைப் செய்துவிடுவேன். 2023, 2024 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து 213 வரிகள் இருந்தன.

2024 டிசம்பரில் லாரிச் செலவு ஏறிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. நவம்பரில் மூன்றாவது மாடிக்கு ஏழு பேர் கொண்ட குடும்பம் குடிவந்திருந்தது. அவர்களால்தான் என்று பலரும் முடிவே கட்டிவிட்டார்கள். அந்த வீட்டிற்கு மட்டும் கூடுதல் தொகை போடலாம் என்பது வரை பேச்சு போனது. ஜனவரிக் கூட்டத்திற்கு சார்ட் போட்டுக் கொண்டு வருகிறேன் என்றேன்.

213 வரிகளையும் அப்படியே தேர்ந்தெடுத்து சார்ட் போட்டேன். சீப்பின் பற்களைப் போல வரிசையாகக் கோடுகள் வந்து நின்றன. எக்ஸெல் புதிதாகப் பழகும் எல்லாரும் இதைச் செய்திருப்பீர்கள். கொடுத்ததைத்தான் சார்ட் வரையும். எந்த மாதத்தில் எத்தனை லாரி என்று முதலில் சுருக்கித் தர வேண்டும். இதற்குத்தான் பிவட் டேபிள் இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

பட்டியலில் ஏதேனும் ஒரு செல்லில் கர்சரை வைத்து, இன்சர்ட் டேபில் பிவட் டேபிள் என்பதில் கிளிக் செய்து, ஓகே கொடுங்கள். புதிய ஷீட் ஒன்று திறக்கும். வலது பக்கத்தில் உங்கள் தலைப்புகள் இருக்கும். தேதியை ரோஸ் கட்டத்திற்கும், தொகையை வேல்யூஸ் கட்டத்திற்கும் இழுத்து விடுங்கள். தொகை கூட்டப்பட்டு வரும். எனக்கு வேண்டியது லாரிகளின் எண்ணிக்கை. எனவே அதில் கிளிக் செய்து, வேல்யூ பீல்ட் செட்டிங்ஸ் சென்று, சம் என்பதை கவுண்ட் என மாற்றினேன். (தொகை நெட்டு வரிசையில் ஒரு செல் காலியாக இருந்தால், பழைய பதிப்புகளில் நீங்கள் கேட்காமலேயே கவுண்ட் வந்துவிடும். கூட்டுத்தொகை ஏன் இவ்வளவு குறைவு என்று விழிக்க வேண்டாம்.)

தேதியில்தான் எனக்குப் பாதி நாள் போனது. நம் பழக்கப்படி 05.06.2024 என்று புள்ளி வைத்து அடித்திருந்தேன். என் கம்ப்யூட்டரில் எக்ஸெல் அதைத் தேதியாக ஏற்கவில்லை. வெறும் எழுத்தாக வைத்துக் கொண்டது. செல்லில் இடது பக்கம் ஒட்டி நின்றால் எழுத்து, வலது பக்கம் நின்றால் தேதி என்று ஓரளவு கண்டு கொள்ளலாம். சரி செய்ய, அந்த நெட்டு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, டேட்டா டேபில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் செல்லுங்கள். இருமுறை நெக்ஸ்ட் அழுத்தி, டேட் என்பதில் டிஎம்ஒய் தேர்ந்தெடுத்து, பினிஷ் கொடுங்கள். பின் பிவட் டேபிளில் ரைட் கிளிக் செய்து ரெப்ரெஷ் செய்திடுங்கள்.

தேதி சரியானதும் அதை ரோஸ் கட்டத்திலிருந்து எடுத்துவிட்டு மீண்டும் இழுத்தேன். எக்ஸெல் 2016 மற்றும் அதற்குப் பிந்தைய பதிப்புகள் ஆண்டு, காலாண்டு, மாதம் எனத் தாமாகவே பிரித்துத் தரும். எனக்கு மாதம் போதுமே என்று மற்ற இரண்டையும் நீக்கிவிட்டேன். பிவட் டேபிளில் கர்சரை வைத்து, இன்சர்ட் டேபில் பிவட் சார்ட் கிளிக் செய்ய, பன்னிரண்டு அழகான தூண்கள். பிரிண்ட் எடுத்துக் கொண்டு கூட்டத்திற்குப் போனேன்.

கேட்டுக்குப் பக்கத்து வீட்டு மாமி கண்ணாடியைப் போட்டுக் கொண்டு பார்த்தார். "மே மாசம் 34 லாரியா? ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல வந்ததே இல்லையேப்பா. எனக்குத் தெரியாம எந்த லாரி உள்ள வரும்?" என்றார். அவர் சொன்னது சரி. ஆண்டை நீக்கியதால் 2023 மே மாதத்து 17 லாரியும் 2024 மே மாதத்து 17 லாரியும் ஒரே தூணில் ஏறிவிட்டன. எக்ஸெல் தவறே செய்யவில்லை. நான் சொன்னதைச் செய்தது.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, இயர்ஸ் என்பதை காலம்ஸ் கட்டத்தில் விட்டேன். ஒவ்வொரு மாதத்திற்கும் இரு நிறத்தில் இரண்டு தூண்கள் வந்தன. (பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் தேதியில் ரைட் கிளிக் செய்து, குரூப் சென்று, மன்த்ஸ், இயர்ஸ் இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.) கோடை மாதங்களில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆகஸ்டில் 2023இல் 4 லாரி, 2024இல் 9. செப்டம்பரில் 4, 10. அக்டோபரில் 3, 9. மூன்றாவது மாடிக்காரர்கள் வந்தது நவம்பரில். யாரும் எதுவும் பேசவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் மட்டும் சார்ட்டை இன்னொரு முறை காட்டச் சொன்னார்.

மறுவாரம் பிளம்பர் வந்து தோண்டிப் பார்த்ததில், சம்ப்பிலிருந்து போகும் பைப்பின் ஜாயிண்ட் மண்ணுக்குள் கசிந்து கொண்டிருந்தது.

2025ஆம் ஆண்டு பில்களைச் சேர்க்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. பட்டியலின் கீழே சேர்த்த புது வரிகளை, ரெப்ரெஷ் கொடுத்த பின்னும் பிவட் டேபிள் எடுத்துக் கொள்ளவில்லை. முதலில் கொடுத்த எல்லைக்குள்தான் அது பார்க்கிறது. பிவட் டேபிள் போடும் முன்பே பட்டியலில் கர்சரை வைத்து கண்ட்ரோல் + டி அழுத்தி டேபிளாக மாற்றியிருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது. லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துவோர் கவலைப்பட வேண்டாம். 2017இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து அதன் கால்க் தொகுப்பிலும் பிவட் சார்ட் உண்டு.