மூக்கில் வளரும் இரத்தக்கட்டி

வளரும் பையனுக்கு மூக்கில் இரத்தம் வடிந்தால், "உடற்சூடு" என்று கூறி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதை இல்லங்கள்தோறும் நாம் காண்கிறோம். பெரும்பாலும் அது அஞ்சத்தக்கதன்று. ஆயின் ஒரு பக்க நாசி மட்டும் மாதக்கணக்கில் அடைத்திருந்து, வலியேதுமின்றி அடிக்கடி இரத்தமும் கொட்டுமாயின், காலந்தாழ்த்தலாகாது.

மூக்கின் பின்புறத்தில், ஏறத்தாழ வளரிளம் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே தோன்றும் கட்டி ஒன்றுண்டு. ஆஞ்சியோஃபைப்ரோமா என்பர். அது புற்றுநோயன்று, ஆயினும் சாதுவுமன்று. எலும்பை அரித்துக் கண்குழிக்குள்ளும் மூளையின் அருகிலும் பரவ வல்லது.

பிற கட்டிகளில் ஒரு துணுக்கை வெட்டிச் சோதிப்பார்கள். இதில் அவ்வாறு செய்தல் ஆகாது, இரத்தம் பெருக்கெடுத்துவிடும். ("மூக்கில் சதை" என்று எவரோ கூற, கிள்ளியெடுக்க இசையும் பெற்றோர் இதைக் கருத்திற் கொள்வார்களாக.) எண்டாஸ்கோப் வழியே பார்த்தும், நாளத்தில் மருந்தேற்றி சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் எடுத்துமே நோயை உறுதி செய்வர்.

அறுவைக்கு 1 முதல் 3 நாள்களுக்கு முன், பெரும்பாலும் தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்கு இரத்தமூட்டும் நாளத்தை அடைத்துவிடுவது வழக்கம். பின்னர் நாசித்துளை வழியாகவே கட்டியை அகற்றுகின்றனர். முன்னாளில் முகத்தையோ அண்ணத்தையோ கீறித் திறந்தனர். மிகப் பரவிய கட்டிகளுக்கு இன்றும் அது தேவைப்படலாம். சிறிது எஞ்சினாலும் கட்டி மீண்டும் வளரக்கூடும். ஆதலின் பையன் ஓடியாடித் திரிந்தாலும், மருத்துவர் குறித்த நாளில் மறுபடி ஸ்கேனுக்கு அழைத்துச் செல்லவேண்டும்.