கைக்குள் ஒரு வெண்குழாய்

டயாலிசிஸ் செய்துகொள்பவரின் கையில், தோலுக்கடியில், தமனியையும் சிரையையும் இணைக்கும் குழாய் இது. ‘கிராஃப்ட்’ என்பார்கள். டெஃப்ளான் வகைப் பொருள். பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் அகலம். சொந்த ரத்தக்குழாய்களையே இணைக்கும் ஃபிஸ்டுலா முடியாதவர்களுக்கு இது ஒரு வழி.

சிக்கல் எழுவது பெரும்பாலும் குழாய் சிரையோடு சேரும் இடத்தில். தமனியின் வேகத்தோடு ரத்தம் வந்து மோத மோத, சிரைச் சுவரின் செல்கள் பெருகிப் பாதை குறுகும். பிறகு ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். கோவளத்திலிருந்தோ திருப்போரூரிலிருந்தோ பஸ் ஏறி வந்தவருக்கு அன்றைய டயாலிசிஸே நின்றுபோகும். எத்தனை பெரிய தவிப்பு அது!

அந்தச் செல் பெருக்கத்தை அடக்கவே குழாயில் மருந்து பூசிப் பார்க்கிறார்கள். பசிபிக் யூ மரப்பட்டை தந்த பாக்லிடாக்சல் ஒன்று; ஈஸ்டர் தீவு மண்ணின் நுண்ணுயிர் தந்த சிரோலிமஸ் மற்றொன்று. குறுகிய இடத்தை விரிக்க, பாக்லிடாக்சல் பூசிய பலூன்கள் சிகிச்சைக்கு வந்துவிட்டன. இம்மருந்துகள் பூசிய குழாய்கள் பெரும்பாலும் ஆய்வில்தான் இருக்கின்றன. சீக்கிரம் வர வேண்டும்.

கிராஃப்ட் உள்ளவர்கள் தினமும் அதன்மேல் விரல் வைத்துப் பாருங்கள். ‘கிர்ர்’ என்று அதிர வேண்டும். அதிர்வு நின்றிருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள்.