றகர் முன்னணி வீரரின் வாழ்வு

விளையாட்டிலே வெற்றி ஈட்டியவர் பிற்காலத்தில் அதனை நினைந்து மகிழ்தல் உலகியல்பு. ஜூபிலி விழாவில் பழைய மாணவர் ஒன்றுகூடுவதும் அத்தகைய நினைவுகளைப் பகிர்ந்துகொள்ளற் பொருட்டேயாம். உலகக் கிண்ணத்தையே வென்றும் அந்நினைவை இழந்துவிட்ட ஒருவரின் வரலாற்றை ஈண்டு கூறப் புகுகின்றேன். அவர் இங்கிலாந்து நாட்டு றகர் வீரர் ஸ்டீவ் தொம்சன்.

றகர் யூனியன் அணியொன்றில் 15 பேர் ஆடுவர். அவருள் 8 பேர் முன்னணியினர். ஏனைய 7 பேர் பின்னணியினர். ஓடிச்சென்று புள்ளி பெற்றுக் கைதட்டல் வாங்குவோர் பெரும்பாலும் பின்னணியினரே. அவர்க்குப் பந்தைப் போராடிப் பெற்றுக் கொடுத்தல் முன்னணியினரின் கடன். சிறு தவறொன்றால் நின்ற ஆட்டம் மீளத் தொடங்கும்போது, இரு பகுதி முன்னணியினரும் மூன்று வரிசையாகப் பிணைந்து, தலை தாழ்த்தி, தோளாற் பொருதித் தள்ளுவர். இதனை ஸ்கிரம் என்பர். முதல் வரிசையின் நடுவில் நிற்பவர் ஹூக்கர் எனப்படுவார். இரு கைகளையும் அயலவர் தோள்களிற் போட்டுக்கொண்டு, காலாற் பந்தைப் பின்னே இழுத்தல் அவர் தொழில். பக்கக் கோட்டைக் கடந்த பந்தை மீண்டும் உள்ளே எறிபவரும் வழக்கமாக அவரே. தொம்சன் ஆடியது இவ்விடத்திலேயாம்.

1995 ஆகஸ்ட் வரை றகர் யூனியன் ஊதியம் பெறாதார் ஆட்டமாகவே விதிக்கப்பட்டிருந்தது. ஆசிரியரும் பொலிசாரும் கமக்காரரும் தத்தம் வேலை முடிந்தபின்னரே பயின்றனர். ஊதியம் அனுமதிக்கப்பட்டபின் ஆட்டமே தொழிலாயிற்று. வீரரின் உடல் வலுத்தது, மோதலின் வேகம் மிகுந்தது, பயிற்சியும் பெருகிற்று. 1978 இற் பிறந்த தொம்சன் அப்புதிய காலத்தின் முதற் தலைமுறையினர். நோதாம்டன் கழகத்தில் ஆடிப் பெயர்பெற்று, 2002 இல் இங்கிலாந்து அணியில் இடம்பெற்றார்.

2003 நவம்பர் 22 அன்று சிட்னி நகரில் உலகக் கிண்ண இறுதியாட்டம் நிகழ்ந்தது. கூடுதல் நேரமும் முடியுந் தறுவாயில் இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் 17 புள்ளிகளுடன் சமநிலையில் நின்றன. அப்போது தொம்சன் பந்தை வரிசையின் கடைக்கோடிக்கு எறிந்தார். லூயிஸ் மூடி அதனைப் பற்றினார். பின்னர் பந்து ஜொனி வில்கின்சனிடம் சேர, அவர் வலக்காலால் உதைத்து 20–17 என வெற்றி தேடித் தந்தார். இங்கிலாந்து மக்கள் மறவாத அக்கணம் தொம்சனின் எறிதலிலிருந்தே பிறந்தது.

2007 இற் கழுத்திற்பட்ட காயத்தால் ஓய்வு பெற்றவர், மீண்டும் வந்து ஆடி, 73 சர்வதேச ஆட்டங்களுடன் 2011 இல் விடைபெற்றார். 2020 டிசம்பரில், தமது 42 ஆம் வயதில், தமக்கு மறதிநோய் கண்டிருப்பதை வெளியிட்டார். அவ்விறுதியாட்டத்தில் ஆடியதே தமக்கு நினைவில்லை என்றார். மனைவியின் பெயரும் சில வேளை நினைவுக்கு வாராதென்றார்.

மூளை மென்மையானது, மண்டையோட்டினுள்ளே நீர்மத்தில் மிதப்பது. தலை சடுதியாக அதிரும்போது மூளையும் அசைந்து, அதன் நுண்ணிழைகள் இழுபடுகின்றன. மயக்கம் விளைக்கும் பேரடி மட்டுமன்றி, உணரப்படாத சிற்றடிகளும் ஆண்டுக்கணக்கிற் சேருமிடத்துத் தீங்கு செய்யும் என்பது ஆய்வாளர் கண்டது. இவ்வகை நோயை இறந்தபின் மூளையைச் சோதித்தே உறுதிசெய்தல் கூடும். ஆதலின் தொம்சன் தமது மூளையை ஆராய்ச்சிக்கு வழங்க 2021 இல் உறுதியளித்தார்.

மூளை அதிர்ச்சியின் தெளிவான அறிகுறி தோன்றிய வீரர் அன்று மீண்டும் ஆடலாகாதென்பது இன்றைய றகர் விதி. உதைபந்தாட்டத்தில் தலைகள் மோதும்போதும், கிரிக்கெட் பந்து தலையிற் படும்போதும் இதே விதியை நாமும் கைக்கொள்ளல் தகும். பல ஆண்டுகளின் முன், தலையில் அடிபட்டு வீழ்ந்த மாணவனொருவன் தள்ளாடி எழுந்து மீண்டும் ஆடப் புகுந்தான். அதனை வீரமென்று கருதிக் கைதட்டியவருள் யானும் ஒருவன். இன்றாயின் அவன் கையைப் பற்றி வெளியே அழைத்து வருவேன். சுவரிருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்? மாணவர் இன்று ஈட்டும் வெற்றிகளை, இன்னும் ஐம்பது ஆண்டுகளின் பின் இங்கே கூடி அவர்களே சொல்லி மகிழ்தல் வேண்டும்.