‘தி’ என்ற ஓர் எழுத்து மாற்றிய ஊர்ப்பெயர்: தண்டர் பே உருவான கதை

இரண்டு ஊர்களை ஒன்றாக்கினால் எந்தப் பெயரை வைப்பது? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்தக் கேள்விக்கு மக்களே ஓட்டுப் போட்டார்கள்.

சுப்பீரியர் ஏரிக்கரையில் போர்ட் ஆர்தர், ஃபோர்ட் வில்லியம் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். மேற்குச் சமவெளிக் கோதுமை ரயிலில் வந்து, இங்கேதான் கப்பல் ஏறும். ரயில் யாருக்கு, வியாபாரம் யாருக்கு என்று பல காலம் மல்லுக்கட்டு. 1970 ஜனவரி 1-ல், நீபிங், மெக்கின்டயர் பகுதிகளோடு சேர்ந்து இரண்டும் ஒரே நகரமாயின.

பெயருக்கான வாக்கெடுப்பு 1969-ல் நடந்தது. அந்தப் பகுதியை மக்கள் வழக்கமாகச் சொன்ன பெயர் ‘லேக்ஹெட்’. ஆனா வாக்குச்சீட்டில் ‘லேக்ஹெட்’ தனியாகவும், ‘தி லேக்ஹெட்’ தனியாகவும் இருந்தன. முதலாவதுக்கு 15,302 ஓட்டு, அடுத்ததுக்கு 8,377. இரண்டையும் கூட்டினால் 23,679. ஓட்டு பிரிஞ்சா என்ன ஆகும்? 15,870 ஓட்டு மட்டுமே வாங்கிய ‘தண்டர் பே’ ஜெயித்தது!

2021 கணக்கெடுப்பின்படி இங்கே 1,08,843 பேர் வசிக்கிறார்கள். மேயர் ஒருவர், மாநகர சபை ஒன்று. ஆனால் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என நகர மையம் இன்னும் இரண்டுதான். சட்டம் போட்டு நிர்வாகத்தை ஒன்றாக்கிவிடலாம். பழகிய கடைவீதியை அவ்வளவு லேசுல மாத்திட முடியுமா?